நடுவில் ஒரு போர்டு

கோயமுத்தூரில் யாரிடம் வழி கேட்டாலும் வழி சொல்ல மாட்டார்கள், கூடவே வருவார்கள். "சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க, நானும் அக்கட்டாலதான் போறேன், ஏறுங்க வண்டீல" என்பார்கள். அந்தப் பக்கம் போகிறவராக அவர் இருக்கவே மாட்டார். நம்மை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பிப் போவதைப் பார்த்தால்தான் தெரியும். இப்படிப்பட்ட ஊரில் இருபத்தைந்து வருடமாக நான் வழிகாட்டிப் போர்டு செய்து பிழைக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பேன். ஜெர்மனிக்குப் போய்வந்த பிறகு சொல்வதில்லை.

என் பட்டறை சூலூரில். யாரிடமும் தொழில் கற்றவனில்லை. லாரி நம்பர் பிளேட் எழுதி எழுதிக் கை பழகியது, பிறகு கடைப் பெயர்ப் பலகை, ஆஸ்பத்திரி, காலேஜ் என்று வளர்ந்தது. அரசூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஜெர்மனியில் ஒரு விமான நிலையத்துக்கு அலுமினியச் சட்டம் செய்து அனுப்புகிறது. அந்தச் சட்டத்துக்குள் உட்காரும் எழுத்துப் பலகைக்கு மாதிரி என் பட்டறையில் செய்தோம். மஞ்சள் நிறம் சரியாக வரவில்லை, செய்கிற ஆளே ஒருமுறை வந்து பார்த்துவிடட்டும் என்று அங்கிருந்து கடிதம் வந்தது. வேலை இன்னும் முடியாததால் ஊர்ப் பெயரை எழுதவில்லை.

கூப்பிட்டது விமான நிலையம் அல்ல, அதற்கு முகம் செய்து கொடுக்கும் ஒரு வடிவமைப்பு அலுவலகம். பலகையின் நிறம், எழுத்து, அம்புக்குறி, ஊழியர் சட்டை, காப்பிக் குவளை, குப்பைத் தொட்டி எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த அலுவலகம். அங்கே எங்கள் வேலையைப் பார்க்கும் அம்மாவின் பெயர் உட்டே. புறப்படும் முன்பே ஒரு காகிதம் அனுப்பியிருந்தார். அதில் ஒரு வேண்டுகோள். விமானத்தை விட்டு இறங்கி ரயில் நடைமேடை வரை போர்டுகளை மட்டும் பார்த்து நடந்து வாருங்கள், யாரிடமும் கேட்காதீர்கள், வந்ததும் இதை நிரப்பிக் கொடுங்கள். மூன்றே கேள்வி. எங்கே நின்றீர்கள்? எங்கே திரும்பி நடந்தீர்கள்? யாரிடமாவது கேட்டீர்களா?

சுமதி, என் வீட்டுக்காரி, பருப்புப்பொடி டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டே அதைப் பார்த்தாள். "ஏனுங்க, போர்டு போடற ஆளுக்கே பரிச்சையா? தொலஞ்சுகிலஞ்சு போயிராதீங்க. மானம் போயிரும்."

"நானா?" என்றேன்.

முதல் நாள். விமானத்தில் கொடுத்த ரொட்டி பந்து மாதிரி இருந்தது, வெண்ணெய் கல் மாதிரி இருந்தது. இரண்டையும் சேர்க்கத் தெரியாமல் தனித்தனியாகத் தின்றேன். இறங்கியதும் போர்டுகளைப் பார்த்து வாய் திறந்தபடி நடந்தேன். சந்தைக்குப் போன மாட்டு வியாபாரி வழியெல்லாம் மாட்டையே பார்ப்பான், நானும் அப்படித்தான். எழுத்து விளிம்பு சுத்தமா, விளக்கு எங்கேயாவது மங்குகிறதா, மூலை எப்படி மடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேனே தவிர, போர்டு என்ன சொல்கிறது என்று அரைக் கண்தான்.

பெட்டி எடுத்து வெளியே வந்ததும் ரயில் படம் போட்ட ஒரு போர்டு, அம்புக்குறியோடு. திரும்பினேன். நீளமான ஒரு நடைவழி. கொஞ்ச தூரம் கூட்டம் கூடவே வந்தது. பிறகு எல்லோரும் கார் நிறுத்துமிடத்து லிப்ட் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். நான் தனி. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், மேலே வெள்ளைக் கூரை, ஒரு போர்டுகூட இல்லை. எங்கள் ஊரில் ஆளில்லாத வழி என்றால் தப்பான வழி. நின்றேன். திரும்பி வந்து பழைய போர்டைப் பார்த்தேன். அம்புக்குறி அதே பக்கம்தான். மறுபடி போனேன், அதே இடத்தில் கால் நின்றுவிட்டது. மறுபடி திரும்பினேன். மூன்றாம் முறை அங்கே நின்றபோது நெற்றி வேர்த்தது. வெளியே நல்ல குளிர்.

தரை துடைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். என் முகத்தையும், பெட்டியில் சுமதி கட்டிய மஞ்சள் துணியையும் பார்த்துவிட்டு, "அண்ணை, தமிழோ?" என்றார்.

அழாத குறைதான். "ஆமாங்க! ரயிலுக்குங்க..."

"என்னோடை வாங்கோ." வண்டியை ஓரம் கட்டிவிட்டு என் பெட்டியை அவரே இழுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே இருக்கிறாராம். "இதிலைதான் எல்லாரும் நிண்டு திரும்பி வாறவை. நேரை போனாச் சரி, ஆனா ஒருத்தரும் நம்பாயினம். ஒரு நாளைக்கு நான் எத்தினை பேரைக் கூட்டிக்கொண்டு போறன் தெரியுமே? துடைக்கிற சம்பளந்தான் தாறாங்கள், வழிகாட்டுறதுக்கு ஒண்டுமில்லை."

சிரித்தேன். நடைவழி முடிந்ததும் படி, படிக்குக் கீழே ரயில். படிமேலேயே பெட்டியைக் கொடுத்துவிட்டு அவர் திரும்பிப் போனார். நடைமேடையில் உட்டே அம்மா நின்றிருந்தார். ஒல்லி, நரைத்த குட்டை முடி, கறுப்புச் சட்டை. கை கொடுத்த கையோடு பேனாவும் கொடுத்தார்.

எங்கே நின்றீர்கள்? எங்கும் இல்லை என்று எழுதினேன். எங்கே திரும்பினீர்கள்? எங்கும் இல்லை. யாரிடமாவது கேட்டீர்களா? பேனா கொஞ்சம் தயங்கியது. இருபத்தைந்து வருடம் போர்டு போட்டவன், முதல் நாளே ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பயந்துபோனேன் என்று எப்படி எழுதுவது? இல்லை என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன், கொஞ்சம் பெரிதாக.

இரண்டாம் நாள் அவர்கள் அலுவலகம். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், கேட்டால் எனக்குப் புரியும், பேசத்தான் துண்டு துண்டாக வரும். பழைய நூல் மில் ஒன்றை மாற்றி அலுவலகம் ஆக்கியிருந்தார்கள். பீளமேட்டில் மில்லை இடித்து அடுக்குமாடி கட்டுகிறோம், இவர்கள் மில்லுக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் விமான நிலையத்தின் விதிப்புத்தகம், தலையணை கனம். மஞ்சள் என்றால் இந்த மஞ்சள்தான், வெயிலில் எப்படித் தெரியும், விளக்கில் எப்படித் தெரியும் என்று ஒரு பக்கம். அம்புக்குறிக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒரு பக்கம். அந்த இடத்தில் எதுவும் வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் காலி இடம் விட்டால் கடைக்காரர், "ஏனுங்க, இங்க ஒரு சாமி படம் போட்டுப்போடலாமில்லீங்க?" என்பார். சாமி படம் போட்டால் அடுத்து அவர் படம். அதற்கும் இடம் கண்டுபிடிப்பேன்.

மத்தியானம் சாப்பாடு. வெள்ளையாக, விரல் தடிமனில் வேகவைத்த ஒரு தண்டு, மேலே மஞ்சள் குழம்பு. வருடத்தில் கொஞ்ச நாள்தான் கிடைக்குமாம், எல்லோரும் கண்ணை மூடிச் சாப்பிட்டார்கள். எனக்கு உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. மெதுவாக டப்பாவைத் திறந்து பருப்புப்பொடியைத் தூவினேன். உட்டே அம்மாவும் கை நீட்டினார். ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, "இப்போதுதான் இதற்கு ஒரு குரல் வந்தது" என்றார். அந்த வார்த்தையை அப்போதே நோட்டில் எழுதிக்கொண்டேன். யார் எது நன்றாகச் சொன்னாலும் எழுதிக்கொள்வது என் பழக்கம்.

என் வேலைகளின் படங்களைக் காட்டினேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு நான் போட்ட போர்டு ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தார் ஹென்ரிக். உட்டே அம்மாவோடு வேலை செய்பவர், ஆறடிக்கு மேல் உயரம், கொஞ்சம் கூன். "இந்த மூலையில் என்ன எண்?"

"என் போன் நம்பருங்க. பட்டறைப் பெயரும் இருக்கும்."

"வழிகாட்டும் பலகையில் எதற்கு உங்கள் எண்?"

எல்லா போர்டுக்காரர்களும் அப்படித்தான் போடுகிறோம், அதைப் பார்த்துத்தான் அடுத்த வேலை வரும். அதைச் சொல்லாமல், "வழி தெரியலைன்னா கூப்பிடட்டும்னுதாங்க" என்றேன். அறையே சிரித்தது. அன்றைக்கு நான்தான் அந்த இடத்தின் ராஜா.

பிறகு அந்தப் பேச்சு வந்தது. ஹென்ரிக் ஒரு வரைபடத்தை விரித்தார். அதே நடைவழி. நடுவில் சிறு வட்டம், அங்கே ஒரு போர்டு வைப்பதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் பல நாள் சண்டையாம். வேண்டும் என்பது உட்டே அம்மா. வேண்டாம் என்பது ஹென்ரிக். "வழி நேராக இருக்கிறது. தேவையில்லாத இடத்தில் ஒரு போர்டு வைத்தால் தேவையான போர்டை யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார். அதுவும் நியாயம்தான்.

உட்டே அம்மா சொன்னார்: "நாங்கள் எல்லோரும் அங்கே நூறு முறை நடந்துவிட்டோம். எங்கள் கண் பழகிப்போனது. மொழி தெரியாத ஒருவர் முதல் முறை நடந்து பார்ப்பதுதான் தீர்ப்பு. அந்தக் கண் ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்." என் காகிதத்தை எடுத்து வாசித்தார். எங்கும் இல்லை. எங்கும் இல்லை. இல்லை.

திடீரென்று எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். கோபம் வந்துவிட்டது, பொய் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால், அது அவர்கள் கை தட்டுகிற முறை. உட்டே அம்மா சிவப்புப் பென்சிலை எடுத்தார். "நான் தோற்றேன்" என்று சிரித்துக்கொண்டே அந்தச் சிறு வட்டத்தை அடித்தார். வரைபடம் அன்றே விமான நிலையத்துக்குப் போய்விட்டது.

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். "இல்லீங்க" என்று ஒரு வார்த்தை. வாய்க்குள் அந்த வெள்ளைத் தண்டின் நார் ஒன்று சிக்கியிருந்தது, அதை நாக்கால் துழாவிக்கொண்டு நானும் மேசையைத் தட்டினேன்.

சாயங்காலம் சுமதியிடம் போனில் பேசினேன். "பரிச்சை என்னாச்சுங்க?"

"பாஸ்."

"யாரையும் கேக்காம போயிட்டீங்களா? நம்ம காரமடைத் தேருக்கே நாலு பேரைக் கேட்டுக்கிட்டுப் போன ஆளு!"

"போர்டு அப்பிடி இருக்குது" என்றேன். ஒரு பொய் தனியாக நிற்பதில்லை, பக்கத்தில் ஆள் சேர்க்கிறது.

மூன்றாம் நாள் காலையில் மஞ்சள் ஒத்துப்போனது. நான் கொண்டுபோன நான்கு மாதிரித் துண்டில் மூன்றாவது துண்டு. மத்தியானம் அதை விமான நிலையத்து விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள், தனியாக. ரயில் ஏறினேன். இரண்டு நிலையம் தாண்டி ஒரு இடத்தில் நின்றது. முன்பாதி ஒரு பக்கம் போனது. நான் உட்கார்ந்திருந்த பின்பாதி வேறு பக்கம் போனது! ஓடுகிற ரயிலை இரண்டாகப் பிரிப்பார்கள் என்று யார் கண்டது? போத்தனூரில் இஞ்சின் மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன், பயணிகளைப் பங்கு பிரிப்பதைப் பார்த்ததில்லை. எதிரே இருந்தவர் பெட்டியின் வாசலுக்கு மேல் கை காட்டினார். எந்தப் பெட்டி எங்கே போகும் என்று அங்கே எழுதித்தான் இருந்தது. இறங்கி, திரும்பி, விமான நிலையம் போய்ச் சேர இரண்டு மணி நேரம்.

போர்டு வைக்க வேண்டாம் என்று அடித்த இடத்தைப் பார்க்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தார். ஆப்பிரிக்க நாட்டுக்காரர், என் வயதுதான் இருக்கும், தலையில் நீலத் துணி, இரண்டு பெரிய பை. முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய் மறுபடி வந்தார். நான் நின்ற அதே இடம். யாரோ தரையில் கோடு போட்டு வைத்த மாதிரி.

ஓடிப்போய் ஒரு பையை வாங்கிக்கொண்டேன். "டிரெயின்? கம், கம்" என்றேன். படி இறங்கும்போதே ரயில் கதவு மூடிக்கொண்டது. அவர் கையிலிருந்த சீட்டைக் காட்டினார். அதில் அந்த ரயிலின் நேரம். அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. அக்கா மருத்துவமனையில் இருக்கிறார், பார்க்கிற நேரம் முடிந்துவிடும் என்று பாதி வார்த்தையும் பாதி சைகையுமாகப் புரியவைத்தார். பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னார். என் வாழ்க்கையில் அவ்வளவு சுட்ட நன்றி வேறில்லை. உள்ளங்கையை உதறிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும்போது நம் யாழ்ப்பாணத்துக்காரர் வண்டியோடு வந்தார். "என்ன அண்ணை, இப்ப நீங்களும் கூட்டிக்கொண்டு போகத் துவங்கியிட்டியளோ?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏனுங்க, இங்க நடுவுல ஒரு போர்டு இருந்தா?" என்றேன்.

"எனக்குக் கால் நோ குறையும்" என்றார்.

நான்காம் நாள் காலை. உட்டே அம்மா காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது. "பேப்பர்... லை" என்றேன், காகிதத்தில் எழுதியது பொய் என்று சொல்ல. அவருக்குப் புரியவில்லை. மேசையிலிருந்த வரைபட நகலை எடுத்து அந்த இடத்தில் விரலை வைத்தேன். "நான் நின்றேன். மூன்று முறை. திரும்பினேன், இரண்டு முறை. கேட்டேன், ஒரு ஆளை. என் பெட்டியை அவர்தான் இழுத்தார்."

காப்பியைக் கீழே வைத்தார். ஹென்ரிக்கும் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

பதில் இருந்தது, அதைச் சொல்ல ஆங்கிலம் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. "ஐ மேக் போர்டு" என்றேன். "ஐ லாஸ்ட். ஷேம்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. சேரை இழுத்து எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் தொலைந்தது எங்கள் தப்பு. அதை நீங்கள் உங்கள் தப்பாக எடுத்துக்கொண்டு ஒளித்துவிட்டீர்கள். இப்போது அங்கே போய் நடங்கள் என்று உங்களை அனுப்பினாலும் பிரயோசனமில்லை. நீங்கள் நிற்க மாட்டீர்கள். அந்த இடத்தில் உங்களால் இனித் தொலைய முடியாது."

ஹென்ரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் குத்தியது.

வரைபடம் கையை விட்டுப் போய்விட்டது, திரும்பக் கேட்பதென்றால் காரணம் எழுத வேண்டும் என்றார் உட்டே அம்மா. என்ன எழுதுவது? என் பெயரைப் போடலாமா? அரசூர்க் கம்பெனிக்கும் அந்தக் கடிதத்தின் நகல் போகும். எனக்கு வேலை கொடுத்தவர்கள், ஏழெட்டுத் தமிழ் முகங்கள், வரிசையாகக் கண் முன் வந்தன. 'ஜெர்மனிக்குப் போய்ப் பொய் எழுதிக் குடுத்துப்போட்டு வந்திருக்கறானப்பா' என்று டீக்கடையில் சொல்லப்போகும் குரல்கூடக் கேட்டது.

"எழுதுங்க" என்றேன். "நின்ன இடத்தையும் எழுதுங்க." அந்த நீலத் துணிக்காரப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். வரைபட நகலில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு சிறு வட்டம் போட்டு, அதற்கு நேரே ஒரு கேள்விக்குறி. விமான நிலையத்துக்காரர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

புறப்படும்போது உட்டே அம்மா ஒன்றைக் கேட்டார், கிண்டலாக இல்லை. "உங்கள் ஊரில் நீங்கள் வைத்த பலகைகளை மட்டும் நம்பி யாராவது நடந்து பார்த்தார்களா?"

"தேவையில்லீங்க, எங்க ஊர்ல ஆளுங்களே கூட்டிட்டுப் போயிருவாங்க" என்று சொல்ல வாய் எடுத்தேன். பாதியில் மூடிக்கொண்டேன்.

ஊர் வந்து ஒரு வாரம் அந்தக் கேள்வி என்னோடு சாப்பிட்டது, தூங்கியது. பிறகு ஒரு காலையில், அவர்களுக்குப் படம் காட்டினேனே, அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி பழனிச்சாமி அண்ணன். அவரை எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு பெரியவரை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

"ஏனுங்ணா, எத்தனை பேரைக் கூட்டிட்டுப் போவீங்க ஒரு நாளைக்கு?"

"அதை எதுக்குங்க கேக்கறீங்க? நடந்து நடந்து செருப்புத் தேஞ்சுபோச்சு. உங்க போர்டு இருக்கற வரைக்கும் எனக்கு வேலைக்குக் கொறைவே இல்லீங்க!" என்று சிரித்தார். பல வருடமாக இதே பேச்சைச் சொல்லியிருக்கிறார். நானும் சிரித்திருக்கிறேன். நோட்டில்கூட எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் சுமதியைக் கூட்டிப்போனேன். அவள் அந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததில்லை. அதே மூன்று கேள்வியைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்தேன். வாசலிலிருந்து ரத்தப் பரிசோதனை அறைக்குப் போக வேண்டும், யாரிடமும் கேட்கக் கூடாது. "எனக்கும் பரிச்சையா? ஏனுங்க, உங்களுக்கு ஜெர்மனித் தண்ணி ஒத்துக்கிலயா?" என்று சொல்லிக்கொண்டே போனாள். பழனிச்சாமி அண்ணன் பழக்கத்தில் அவள் பின்னால் கிளம்பினார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "வேண்டாங்ணா. இன்னைக்கு மட்டும்."

அவளுக்குத் தெரியாமல் தூரத்தில் நடந்து, மருந்துக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மூன்று வழி பிரிகிற இடம். மேலே என் போர்டு. பதினோரு அறைகளின் பெயர், நான்கு நிறம், ஓரத்தில் டாக்டர் சிரிக்கிற படம். ஒரு இடம் காலியாக விடவில்லை. சுமதி நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். இடது பக்கம் போனாள், வந்தாள். வலது பக்கம் போனாள், வந்தாள். கட்டுப் போட்ட ஒரு ஆள் அவளிடம், "ஏனுங்க அம்மணி, எக்ஸ்ரே எங்கீங்க?" என்று கேட்டார். அவள் கை விரித்தாள். இரண்டு பேருமாக அண்ணாந்து பார்த்தார்கள்.

பிறகு அவள் போர்டின் மூலையை உற்றுப் பார்த்தாள். பையிலிருந்து போனை எடுத்தாள். என் சட்டைப்பையில் அடித்தது.

"ஏனுங்க, யாரையும் கேக்கக் கூடாதுன்னீங்க, நான் யாரையும் கேக்குல. போர்டுல நம்பர் போட்டிருக்குது, அதான் கூப்பிட்டேன். எந்தப்பக்கம் போகோணுமுங்க?"

தூணில் சாய்ந்துகொண்டேன். இரண்டே எட்டு வைத்தால் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடலாம்.

"போகாத அம்மணி" என்றேன். "அங்கயே நில்லு. நின்னுட்டேன்னு எழுது."